தரவையில சோடி சோடியா நடக்கிற சின்ன எறும்பு: இது என்ன இனம்?

சாம்பல்தீவு ரீச்சர்:

வணக்கம். நான் திருகோணமலை சாம்பல்தீவில இருக்கிறன். 31 வருசம் ஆரம்பப் பிரிவில படிப்பிச்சு இளைப்பாறினனான். விலங்கியல் படிச்ச ஆள் இல்லை. ஒரு எறும்பை நாலு மாசமாப் பாத்துக் கொப்பியில குறிச்சு வைச்சிருக்கிறன். அது என்ன எறும்பு எண்டு தெரிஞ்ச ஆள் ஆரும் இருந்தாச் சொல்லுங்கோ.

எங்கட பின் வேலிக்கு அங்கால தரவை. மாரியில பள்ளப் பக்கம் முழங்கால் அளவுக்குத் தண்ணி நிக்கும். தை, மாசியில வடிஞ்சு அறுகும் கோரையும் எழும்பும், மாடு நிறைய வரும். வைகாசி பிறந்து கச்சான் காத்துத் தொடங்கினா புல்லெல்லாம் கருகி அடிக்கட்டைதான் மிஞ்சும், நடுவில நடுவில வெறும் மண் தெரியும். மேட்டுப் பக்கத்து அந்த வெறும் மண்ணிலதான் இந்த எறும்பு.

முதல் கண்டது ஒரு மத்தியானம், ரண்டு மணி இருக்கும். ஆட்டை அவிட்டு நிழலுக்குக் கொண்டுவரப் போனனான். செருப்பில்லாமல் கால் வைக்கேலாத சூடு. முசுறெல்லாம் வேம்பில இலைக்கூட்டுக்குள்ள, கட்டெறும்பு ஒண்டையும் காணேல்ல. குனிஞ்சு கயிறு அவிழ்க்கேக்க, கட்டைக்குப் பக்கத்தில ஒரு மண் துணிக்கை தானா நடக்கிற மாதிரி இருந்தது. உத்துப் பாத்தா எறும்பு. அதுக்குப் பின்னால ஒட்டினாப்போல இன்னொண்டு. ரண்டே ரண்டுதான், வேற ஒண்டும் வரேல்ல.

அண்டையில இருந்து ஐயா பேப்பர் வாசிக்க வைச்சிருந்த கைவில்லையைக் கொண்டுபோய்ப் பாக்கத் தொடங்கினன். அடிமட்டத்தை மண்ணில குத்தி வைச்சுப் பாத்ததில நீளம் ரண்டு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. தலையும் நெஞ்சும் பனங்கட்டி நிறம், பின்வயிறு மட்டும் கறுப்பு. உடம்பில மயிர் இருக்கிற மாதிரித் தெரியேல்ல, வழுவழுப்பா இருக்கு. புத்து எண்டு சொல்ல ஒண்டுமில்லை. தையல் ஊசி குத்தின அளவில ஒரு ஓட்டை, சுத்திவர மண் குவியலும் இல்லை. காத்து அடிச்சு மண் மூடினா ஓட்டை எங்க இருந்தது எண்டே தெரியாது. அடையாளத்துக்கு ஈர்க்கு நட்டு வைச்சிருக்கிறன். இப்ப ஏழு ஓட்டைக்கு ஏழு ஈர்க்கு நிக்குது.

எனக்கு விளங்காதது அதுகளின்ர நடைதான். செத்த ஈயின்ர செட்டையை ஓட்டையில இருந்து ஒரு முழம் தள்ளி வைச்சன். ஒரு எறும்பு கண்டு, சுத்திப் பாத்து, ஓட்டைக்குத் திரும்பிப் போச்சுது. இனிக் கூட்டமா வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். வரேல்ல. அதே எறும்புதான் (எண்டு நினைக்கிறன்) வெளியில வந்தது, பின்னால ஒரே ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு. பின்னால வாறது தன்ர உணர்கொம்பால முன்னுக்குப் போறதின்ர பின்வயிற்றையும் பின்னங்காலையும் தட்டித் தட்டி வருது. கண் தெரியாத ஆள் முன்னால போறவரின்ர தோளில கை வைச்சு நடக்கிற மாதிரி.

ஒருநாள் ஈர்க்கு நுனியை மெதுவா ரண்டுக்கும் இடையில வைச்சன். பின்னால வந்தது தடம் மாறிப் போட்டுது. முன்னால போனது அந்த இடத்திலேயே நிண்டுட்டுது. நகரவே இல்லை. நான் மனதுக்குள்ள எண்ணினன், முப்பத்தெட்டு எண்ணேக்க பின்னால வந்தது வளைஞ்சு வளைஞ்சு தேடி வந்து தொட்டுது. தொட்ட உடன முன்னது நடக்கத் தொடங்கிச்சுது. முதலாம் வகுப்புப் பிள்ளையளை வரிசையில கூட்டிக்கொண்டு போன எனக்கு அதைப் பாத்த உடன நெஞ்சு ஒருமாதிரி ஆகிட்டுது. அதுக்குப் பிறகு நான் ஈர்க்கு வைக்கேல்ல.

நான் கேக்கிறது மூண்டு விசயம். இதின்ர பேர் என்ன? இது எங்கட மண்ணில இருந்ததோ, இல்லாட்டி துறைமுகத்தால வந்து இறங்கினதோ? மூண்டாவது கொஞ்சம் அவசரம். தரவையைக் கிரவல் போட்டு நிரப்பி விளையாட்டு மைதானம் ஆக்கப்போகினம் எண்டு ஒரு அலுவலகத்தில இருந்து வந்து அளந்து கொண்டு போனவை. மூண்டு கிழமையில டிப்பர் வரும் எண்டு கதை. பிள்ளையளுக்கு மைதானம் வேணும், அதை நான் எதிர்க்கேல்ல. இந்த எறும்பைத் தோண்டி எங்கட வளவுக்குள்ள மாத்தேலுமோ?

மூதூர்ப் பொடியன்:

ரீச்சர், இது பிள்ளையார் எறும்புதானே? எங்கட வீட்டுச் சீனிப் போத்தலுக்குள்ளயும் இதே அளவில இருக்கு. கடிக்காது, ஒண்டும் செய்யாது. சின்னனா இருக்கிறதெல்லாம் ஒரே சாதிதான் எண்டு நினைக்கிறன்.

சாம்பல்தீவு ரீச்சர்:

இல்லைத் தம்பி. பிள்ளையார் எறும்பு எங்கட குசினியிலயும் இருக்கு, அதையும் பாத்தனான். அது கோடு கட்டிப் போகும். அந்தக் கோட்டுக்குக் குறுக்க ஈர விரலால ஒருக்கா இழுத்துப் பாருங்கோ, ரண்டு பக்கத்து எறும்பும் அந்த இடத்தில வந்து நிண்டு தடுமாறும். மணத்தைப் பிடிச்சுத்தான் அதுகள் போகுதுகள். இந்தத் தரவை எறும்பு போன பாதையில மண்ணையே வழிச்சு எடுத்துப் பாத்தன், அடுத்து வந்த சோடிக்கு ஒரு தடுமாற்றமும் இல்லை. சீனியும் வைச்சுப் பாத்தன். தனி ஒண்டு வந்து நக்கிப்போட்டுப் போச்சுது, கூட்டம் சேரேல்ல.

நுணுக்குக்காட்டி:

ரீச்சர், உங்கட பதிவை ரண்டு தரம் வாசிச்சன். நான் கம்பஸில விலங்கியல் செய்யேக்க கடைசி வருச ஆய்வுக்கு உலர் வலயத்து எறும்பு எடுத்தனான். திருகோணமலைக் கோட்டைக்குள்ள கோணேசர் கோயிலுக்கு ஏறுற வழியில, மான் மேய்ஞ்சு கட்டையாக்கின புல்லுக்குள்ள குந்தி இருந்து இதைப் போலச் சோடி நடையைப் பாத்திருக்கிறன். நீங்கள் எழுதினதைப் பாத்தா இது கார்டியோகொன்டைலா எண்ட சாதியாத்தான் இருக்கவேணும் (நான் சொல்ற சாதி பாடப் புத்தகத்துச் சாதி, அதுக்குள்ளதான் இனங்கள் வரும்). உடம்பில நிமிர்ந்த மயிர் இல்லாதது, வெறும் மண்ணில ஊசித் துளை, வெயிலில திரியிறது, ஒருத்தரை ஒருத்தர் கூட்டிப்போறது, எல்லாம் ஒரு பக்கமாத்தான் கை காட்டுது.

அந்த நடைக்குப் பேர் இணை ஓட்டம். மணத்தால கோடு கட்டுற எறும்புக்கு ஒரு நிமிசத்தில நூறு பேரைக் கூப்பிடலாம். இது ஒரு ஆளுக்கு ஒரு ஆள்தான் வழி காட்டும். பின்னால வாறவ தொட்டுக்கொண்டிருக்கும் மட்டும் முன்னால போறவ நடப்பா, தொடுகை விட்டுப்போனா நிண்டு காத்திருப்பா. நீங்கள் முப்பத்தெட்டு எண்ணிப் பாத்தது அதைத்தான். 2006 இல இங்கிலாந்தில நைஜல் ஃபிராங்ஸும் தொம் றிச்சட்சனும் டெம்னோதொராக்ஸ் எண்ட வேறொரு சின்ன எறும்பில இதே நடையை அளந்து, முன்னால போற எறும்பு பின்னால வாற எறும்புக்குப் படிப்பிக்குது எண்டு எழுதினவை. தன்ர வேகத்தைக் குறைச்சு, தன்ர நேரத்தைச் செலவழிச்சு, மற்றவ வழியைப் பழகும் மட்டும் நிண்டு நிண்டு போறதைப் படிப்பித்தல் எண்டுதான் சொல்லவேணும் எண்டது அவையின்ர முடிவு. 31 வருசம் படிப்பிச்ச உங்களுக்கு அதைப் பாத்து நெஞ்சு ஒருமாதிரி ஆனதில நியாயம் இருக்கு.

ஆனா நடையை மட்டும் வைச்சு முடிவு கட்டேலாது. பின்வயிறு பொன் மினுக்கமா இருக்கிற பெரிய எறும்பு ஒண்டும் எங்கட பக்கத்து வெறும் தரையில திரியும், கெம்பொனோட்டஸ் செரிசியஸ் எண்டு பேர். அதுவும் ஆளுக்கு ஆள் கூட்டிப்போறதுதான். அளவால உங்கடது அது இல்லை. நிச்சயப்படுத்த இடுப்பைப் பாருங்கோ. நெஞ்சுக்கும் பின்வயிற்றுக்கும் இடையில ரண்டு கணு இருக்கும். மேலால பாத்தா முதற்கணு ஒடுக்கம், ரண்டாவது கணு அதைவிட நல்லா அகலம். அந்த ரண்டாவது கணுவுக்காகத்தான் இந்தப் பேர். கிரேக்கத்தில கார்டியா எண்டா இதயம், கொன்டிலோஸ் எண்டாக் கணு. 1869 இல இத்தாலிக்காரர் கார்லோ எமரி வைச்ச பேர். உணர்கொம்பில 12 துண்டு, கடைசி மூண்டும் தடிச்சுக் கதாயுதம் மாதிரி இருக்கும். திருட்டெறும்பு எண்டு சொல்லுற சொலெனொப்சிஸ் வகையும் இதே அளவுதான், ஆனா அதில தடிச்ச துண்டு ரண்டுதான். போன் கமராவில கொழுவுற வில்லை இருந்தா இடுப்பைப் பிடிக்கலாம், உணர்கொம்புக்கு நுணுக்குக்காட்டி வேணும்.

இந்தச் சாதியில என்னைப் பிடிச்சு வைச்சிருக்கிற விசயம் ஆண் எறும்பு. பொதுவா ஆண் எறும்பு எண்டாச் செட்டை இருக்கும், பறந்து போய்ப் புணர்ந்து செத்துப்போகும். இதில சில இனங்களில ரண்டு வகை ஆண். ஒரு வகைக்குச் செட்டை இருக்கு, சாதுவா இருக்கும். மற்ற வகைக்குச் செட்டையே இல்லை, பார்வைக்கு வேலைக்கார எறும்பு மாதிரி, கூட்டை விட்டு வெளிக்கிடாது. கூட்டுக்குள்ள புதுசாப் பொரிச்சு வாற மற்ற ஆணை உடம்பு இறுகமுதல் தேடிக் கொல்லும். சில இனத்தில அதுக்கெண்டு வாள் மாதிரித் தாடை. 1993 இல யூர்கன் ஹைன்ஸேயும் பேர்ட் ஹொல்டொப்ளரும் காட்டினது என்னவெண்டா, இந்தச் செட்டையில்லா ஆண் தன்ர சீவியகாலம் முழுக்க விந்து உற்பத்தி செய்யுது. மற்ற எறும்பு ஆண்கள் பொரிச்சு வரேக்க கொண்டுவாறதோட சரி. 1890 இல ஓகுஸ்ட் ஃபொரெல் இந்தியாவில இருந்து வந்த இப்பிடியான ஒரு ஆணைப் பாத்திட்டு வேற சாதி எண்டு நினைச்சு எமரியா எண்டு பேரே வைச்சவர், பிறகுதான் திருத்தினது. அவ்வளவுக்கு ஆண் எண்டே தெரியாது. உங்கட ஏழு ஈர்க்குக்குக் கீழயும் அப்பிடி ஒரு ஆண் இருக்கலாம்.

இனி உங்கட ரண்டாவது கேள்வி. படத்தை வைச்சு இனப்பேர் சொல்ல ஏலாது, சொன்னா நான் பொய் சொன்ன மாதிரி. இந்தச் சாதியில எமெரி, ஒப்ஸ்கூரியர், மைனூட்டியர் எண்ட இனங்கள் பூச்சாடி மண்ணோடயும் செடிக் கண்டோடயும் கப்பலேறி வெப்பவலயம் முழுக்கப் போயிருக்கு. எமெரி எண்ட இனத்தை 1881 இல ஃபொரெல் விபரிச்சது கரீபியன் தீவான சென் தோமஸில எடுத்ததை வைச்சு. ஒரு கூட்டில பல ராணி இருக்கிறதும், ஒரு ராணி நாலஞ்சு வேலைக்காரியோட பிரிஞ்சு போய்ப் புதுக்கூடு வைக்கிறதும் அதுகளுக்கு வசதி. அதால துறைமுகத்தைப் பற்றின உங்கட சந்தேகம் சரியான சந்தேகம். இலங்கை எறும்பு எண்டா எல்லாருக்கும் தெரிஞ்சது அனியூரேட்டஸ் சைமோனி, அதையும் அதே எமரிதான் 1893 இல விபரிச்சவர், அதின்ர உபகுடும்பத்தில இப்ப உயிரோட இருக்கிற ஒரே இனம். அது இரத்தினபுரிப் பக்கத்து ஈரக்காட்டில. கண்ணெல்லாம் அந்தப் பக்கம் போனதில, கிழக்கில மாடு மிதிக்கிற தரவை மண்ணைக் குனிஞ்சு பாத்த ஆக்கள் குறைவு. நீங்கள் பாத்திருக்கிறீங்கள்.

தோண்டி மாத்துறதுக்கு நான் உடன்பட மாட்டன். ஒரு கூட்டில சில பத்தில இருந்து சில நூறு எறும்புதான் இருக்கும், ஆனா மண்வெட்டி போட்ட உடன வழியெல்லாம் இடிஞ்சு ராணி நசிஞ்சு போகும். வளவுக்குள்ள நிழல், தண்ணி, முசுறு, அங்க கொண்டுபோய் விட்டா நிலைக்கும் எண்டு நான் நம்பேல்ல. அதைவிட இப்ப சில எறும்பை மாதிரிக்கு எடுத்து வைக்கிறதுதான் பிரியோசனம். பாமசியில சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி ஒரு சின்ன மருந்துப் போத்தலுக்குள்ள விடுங்கோ. பிள்ளையள் கீறுற மெல்லிய பெயின்ற் பிறஸ் நுனியை ஸ்பிரிட்டில தோய்ச்சு எறும்பைத் தொட்டா ஒட்டிக்கொண்டு வரும், விரலால பிடிச்சா நசியும். கடதாசித் துண்டில பென்சிலால இடம், திகதி, எப்பிடியான நிலம், எடுத்தவர் பேர் எழுதிப் போத்தலுக்குள்ளயே போடுங்கோ. பேனை மை ஸ்பிரிட்டில கரைஞ்சு போகும், நான் ஒரு பருவத்துச் சேகரிப்பையே அப்பிடி இழந்தனான். ஒவ்வொரு ஓட்டைக்கும் தனிப் போத்தல்.

தம்பலகாமம் வயல்காரர்:

எறும்பைப் பற்றித் தம்பி விபரமாச் சொல்லிப்போட்டார். நான் தரவையைப் பற்றிச் சொல்லுறன்.

தரவையை ஆரும் காடு எண்டும் பாக்கிறதில்லை, வயல் எண்டும் பாக்கிறதில்லை. சும்மா கிடக்கிற காணி எண்டு நினைச்சுத்தான் கிரவல் கொட்டுறது. எங்கட பக்கம் ஒரு தரவையை நிரப்பினாப் பிறகு மாரித் தண்ணி போக இடமில்லாமல் பக்கத்து மூண்டு வளவுக்குள்ள ஏறினது. ரீச்சர், இதை எறும்புக் கதையாக் கொண்டு போகாதேங்கோ, தண்ணிக் கதையாக் கொண்டு போங்கோ. மேட்டு மூலையை விட்டுட்டு மைதானத்தைப் போடச் சொல்லிக் கேளுங்கோ, மாடு வைச்சிருக்கிற ஆக்களையும் கூட்டிக்கொண்டு போங்கோ. தனியப் போய் எறும்பு எண்டா கேக்க மாட்டினம்.

எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினா மழை எண்டு எங்கட அப்பு சொல்லுவார். உங்கட எறும்பு மாரிக்கு எங்க போகுது? மேட்டு மூலையில நிண்டு சமாளிக்குதோ, இல்லாட்டி வேலிக் கரைக்கு ஏறுதோ? அது தெரிஞ்சா எந்த மூலையை விடவேணும் எண்டு சொல்ல உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

சாம்பல்தீவு ரீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாளா எழுதேல்ல, காரணம் சொல்லுறன்.

மகன் கொழும்பால வரேக்க போனுக்குக் கொழுவுற வில்லை வாங்கிக்கொண்டு வந்தவர். அஞ்சு ஓட்டையில இருந்து ஆறு ஆறா எடுத்து ஸ்பிரிட்டில போட்டிட்டன். எடுக்கேக்க கை நடுங்கினது, நாலு மாசம் பாத்த எறும்பு. மற்ற ரண்டு ஓட்டையையும் தொடேல்ல. ஒரு எறும்பை வெள்ளைப் பீங்கானில வைச்சு மேலால படம் எடுத்தன். தம்பி சொன்ன இடுப்பு தெரியுது. முதற்கணு நெல்லு முனை மாதிரி ஒடுங்கி இருக்கு, ரண்டாவது பரந்து, முன்பக்கம் ரண்டு தோள் மாதிரி உருண்டு, பின்பக்கம் ஒடுங்குது. இதயம் எண்டதை நான் பேருக்குச் சொன்னது எண்டு நினைச்சிருந்தன். அப்பிடியே இருக்கு. பேரப்பிள்ளைக்குக் காட்ட, அவ அரச இலை மாதிரி இருக்கு எண்டவ.

அலுவலகத்துக்கு மாட்டுக்காரர் நாலு பேரோட போனனாங்கள். வயல்காரர் சொன்ன மாதிரித் தண்ணியைப் பற்றித்தான் கதைச்சது. அங்க இருந்த ஒருத்தர் முகம் பாத்தும் கதைக்கேல்ல, கடிதத்தை வாங்கி வைச்சார். அடுத்த கிழமையே டிப்பர் வந்திட்டுது. ரண்டு லோட் பள்ளப் பக்கம் கொட்டிக்கிடக்கு. சாரதிப் பிள்ளையைக் கூப்பிட்டு மேட்டு மூலையைக் காட்டி, இதுக்க வாகனத்தைத் திருப்பாதே மகன், அந்தப் பக்கத்தால திருப்பு எண்டு கேட்டன். ஏன் எண்டு கேட்டார். ஈர்க்கைக் காட்டிக் கைவில்லையைக் குடுத்தன். கொஞ்ச நேரம் குந்தி இருந்து பாத்தார். நாலு பக்கமும் கட்டை நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கோ, பின்னேரம் வாற மற்றச் சாரதிக்கும் சொல்லுறன் எண்டார். கட்டியிருக்கிறன். அது எத்தனை நாளைக்கு நிக்கும் எண்டு எனக்குத் தெரியாது, கடிதத்துக்குப் பதிலும் வரேல்ல.

வயல்காரர் கேட்ட மாரிக் கேள்விக்கு என்னட்டப் பதில் இல்லை. நான் பாக்கத் தொடங்கினது சித்திரையில. வாற ஐப்பசிக்கு முதல் மழையோட குடையைப் பிடிச்சுக்கொண்டு போய் இருந்து பாக்கப் போறன்.

தம்பி, போத்தல் அஞ்சும் றெடி. பென்சிலாலதான் எழுதினது: சாம்பல்தீவு, மேட்டுத் தரவை, மாடு மேய்ஞ்ச அறுகு, வெறும் மண், மத்தியானம். ராணி ஒண்டும் இல்லை, செட்டையில்லா ஆண் இருக்கோ எண்டும் எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. தபாலில போடட்டோ?

நுணுக்குக்காட்டி:

தபாலில போடாதேங்கோ ரீச்சர், ஸ்பிரிட் எடுக்க மாட்டினம், உடைஞ்சாலும் பிழை. வாற வெள்ளி நான் நிலாவெளிக்கு ஒரு வேலையா வாறன், பத்து மணிபோல உங்கட பக்கம் இறங்குறன். அஞ்சு கூட்டில ஆறு ஆறு எடுத்தது காணும், இனி எடுக்கவேண்டாம். களனிப் பல்கலைக்கழகத்தில எறும்பு பாக்கிற ஆக்கள் இருக்கினம், போத்தலை அவையிட்டக் கொண்டுபோய்க் குடுக்கிறது என்ர பொறுப்பு. ஆண் இருக்கோ எண்டு அங்க வைச்சுப் பாப்பம். தொடாத அந்த ரண்டு ஓட்டையையும் மத்தியானம் வரைக்கும் நிண்டு பாத்திட்டுத்தான் போவன், கொப்பியையும் எடுத்து வையுங்கோ.